நிற்காத டக்-டக்

மொரிஸ் மைனர் நின்ற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் காதிலேயே இருக்கும். சாவியைத் திருப்பியதும், ஸ்ராட்டரை இழுக்க முன்னரே, பொனற்றுக்குள்ளிருந்து டக்-டக்-டக்-டக் என்று வேகமாக அடிக்கத் தொடங்கும். சில விநாடிகளில் தாளம் தளரும். கடைசியாகத் தனியே ஒரு ‘டக்’. பிறகு சத்தமே இராது. அதற்குப் பிறகுதான் அப்பா ஸ்ராட்டரில் கை வைப்பார். ஏனென்று கேட்டால், “பெற்றோல் ஏறட்டும்” என்பார்.

அந்தச் சத்தம் எவ்வளவு விசயத்தைச் சொல்கிறது என்பது, கார் என் கைக்கு வந்து பல வருடம் கழித்து, அது கேட்காமல் போன பிறகுதான் விளங்கியது.

காரில் வந்த கோளாறு பழைய கார்க்காரர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காபுரேற்றர் நிரம்பி வழிந்தது. கார் நின்ற இடத்தில் பெற்றோல் மணம், புகைக்குழாயில் கரிப்புகை, கழற்றிப் பார்த்தால் நனைந்து கறுத்த பிளக். ஒரு கராஜில் ஊசி வால்வை மாற்றினார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடியது, மூன்றாம் நாள் திரும்பவும் சொட்டியது. இன்னொரு இடத்தில் மிதவையை மாற்றினார்கள். அதற்கும் அதே கதைதான். இரண்டு இடத்திலும் காபுரேற்றரைத்தான் கழற்றினார்கள். அதற்குப் பின்னால் இருந்ததை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மைனரில் இருப்பது எஸ்.யூ. காபுரேற்றர். அந்த இரண்டு எழுத்துக்குள் ஒரு சப்பாத்துக் கடைக் குடும்பம் ஒளிந்திருக்கிறது. லண்டனில் ‘லில்லி அன்ட் ஸ்கின்னர்’ என்ற சப்பாத்து நிறுவனத்தை நடத்திய குடும்பத்தின் பிள்ளைகள் ஜோர்ஜ் ஹேர்பேர்ட் ஸ்கின்னரும் தோமஸ் கார்லைல் ஸ்கின்னரும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் வடிவமைத்த காபுரேற்றரில், காற்றுக்கு ஏற்ப ஏறி இறங்கும் பகுதி தோலால் செய்த துருத்தி. சப்பாத்துக் கடைப் பிள்ளைகளுக்குத் தோல் கைக்கெட்டிய பொருள்தானே. துருத்தியின் இடத்தில் உலோக பிஸ்ரன் வந்தது பிறகுதான். ‘ஸ்கின்னர்ஸ் யூனியன்’ என்பதன் சுருக்கமே எஸ்.யூ. 1926இல் வில்லியம் மொரிஸ் அந்த நிறுவனத்தை வாங்கினார். 1948இல் அலெக் இசிகோனிசின் கைவண்ணத்தில் மைனர் வெளிவந்தபோது, காபுரேற்றரும் எஸ்.யூ., பெற்றோல் பம்பும் எஸ்.யூ. இரண்டும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்தவை. இது பின்னால் தேவைப்படும்.

காபுரேற்றரின் பக்கத்தில் சிறிய கிண்ணம் ஒன்று உண்டு. அதன் வேலை, வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் பந்து வால்வு பார்க்கும் வேலைதான். கிண்ணத்தில் பெற்றோல் ஏறும்போது மிதவையும் ஏறும். மிதவை ஒரு சின்ன நெம்பைத் தூக்கும், நெம்பு ஊசியை மேலே தள்ளும், ஊசியின் கூம்பு முனை பெற்றோல் வரும் துளையை அடைக்கும். என்ஜின் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும், ஊசியும் இறங்கிக் கொஞ்சம் விடும். கிண்ணமும், என்ஜினுக்குப் பெற்றோல் போகும் துளையான ஜெற்றும் அடியில் இணைந்திருப்பதால் இரண்டிலும் மட்டம் ஒன்றே. அந்த மட்டம் ஜெற்றின் வாயைவிடச் சில மில்லிமீற்றர் கீழே நிற்கவேண்டும். காற்று உறிஞ்சினால் மட்டும் பெற்றோல் மேலே வரவேண்டும். மட்டம் அந்தச் சில மில்லிமீற்றரைக் கடந்துவிட்டால், உறிஞ்ச ஆளில்லாமலே ஜெற்றால் வழிந்து என்ஜினுக்குள் போகும். இன்னும் ஏறினால் கிண்ணத்தின் வழிவுக் குழாயால் நிலத்தில் சொட்டும்.

ஆக, வழிகிறது என்றால் ஊசி அடைக்கவில்லை என்றுதான் பொருள். அடைக்காததற்குக் காரணங்கள் பல. துளைக்கும் ஊசிக்கும் நடுவே தாங்கியின் கறள்தூள் ஒன்று சிக்கியிருக்கலாம். மெக்கானிக்மார் சாவியின் பிடியால் கிண்ணத்தில் இரண்டு தட்டுத் தட்டுவது இதற்காகத்தான். தூள் விலகிவிட்டால் வழிவது நிற்கும், அது திரும்ப வருமட்டும் ஓடலாம். ஊசியின் கூம்பில் வருடக்கணக்கான உரசலால் வளையம் விழுந்திருக்கலாம். நகத்தால் தடவினாலே தெரியும். பழைய பித்தளை மிதவை என்றால் ஒட்டு விட்டு உள்ளே பெற்றோல் புகுந்திருக்கும். காதருகே வைத்துக் குலுக்கினால், இளநீரைக் குலுக்கிப் பார்க்கிற மாதிரி, உள்ளே களக்கென்று கேட்கும். நெம்பு வளைந்து மட்டமே பிழைத்திருக்கலாம். 1098 சிசி மைனரில் வரும் எச்.எஸ்.2 வகையில் மூடியைக் கவிழ்த்துப் பிடித்து, ஊசி மூடிய நிலையில் மிதவைக்கும் மூடிக்கும் இடையே 3 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் தடிப்புள்ள துளைக்கம்பி ஒன்றை நுழைத்துப் பார்ப்பார்கள். அவ்வளவு நுணுக்கமான அளவு அது. சோக் கம்பி இறுகி ஜெற் கீழேயே நின்றுவிட்டாலும் புகை கறுக்கும். ஆனால் அப்போது கிண்ணம் வழியாது. இந்த ஒரு வித்தியாசத்தைக் கவனித்தாலே பாதி நேரம் மிச்சம்.

இவற்றையெல்லாம் என் காரிலும் பார்த்தாயிற்று. எல்லாம் புதிது, எல்லாம் சரி. இருந்தும் வழிந்தது.

கடைசியில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் பொனற்றைத் திறந்தார், சாவியைத் திருப்பச் சொன்னார், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே பம்ப் கடகடவென்று அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

“தம்பி, உது மைனரின்ர சத்தமில்லை. ஆர் உந்தப் பம்பைப் பூட்டினது?”

நான்தான் பூட்டுவித்தேன். பழைய எஸ்.யூ. பம்ப் ஒருநாள் வழியில் கையை விரித்தபோது, எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று கடையில் தந்த சதுரப் பம்ப் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். சின்னது, மலிவு, சக்தியோ கூட. அந்தச் சக்திதான் வினையாய் வந்தது.

எஸ்.யூ. பம்ப் வேலை செய்யும் விதம் அழகானது. அதற்குள் ஒரு மின்காந்தமும், ஒரு சவ்வும், ஒரு வில்லும் இருக்கின்றன. காந்தம் சவ்வை இழுக்கும், அப்போது பின்னாலுள்ள தாங்கியிலிருந்து பெற்றோல் உறிஞ்சப்படும். இழுத்து முடிந்ததும் மின்தொடுகை ‘டக்’ என்று விடுபடும். இனி வில்லின் முறை. அது சவ்வைத் திரும்பத் தள்ளிப் பெற்றோலைக் காபுரேற்றருக்கு அனுப்பும். தள்ளுவது மின்சாரமல்ல, வில். ஊசி வால்வு அடைத்துவிட்டால் வில்லால் மேலே தள்ள முடியாது. சவ்வு அப்படியே நிற்கும், பம்ப் வாய்மூடிக் காத்திருக்கும். அப்பா காத்திருந்த அமைதி இதுதான். பெற்றோலின் அழுத்தம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பதும் அந்த வில்லின் பலமே. மைனரின் பம்பில் அது ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. மட்டுமே.

ஒன்றரை பி.எஸ்.ஐ. என்றால் எவ்வளவு? சேலைன் போத்தலை நினைத்துக்கொள்ளுங்கள். பெற்றோல் நிரம்பிய போத்தலை ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் தொங்கவிட்டால், குழாயின் அடியில் ஒரு பி.எஸ்.ஐ. கிடைக்கும். மைனருக்கு வேண்டியது 1.4 மீற்றர் உயரத்தில் தொங்கும் போத்தல் அளவு தள்ளுகைதான். நான் பூட்டிய பம்போ 6 பி.எஸ்.ஐ. தருவது. அது இரண்டு மாடி வீட்டின் மேலே பீப்பாவை ஏற்றி வைத்ததற்குச் சமம்.

இதை ஊசியின் பக்கத்திலிருந்து பார்ப்போம். துளை 2 மில்லிமீற்றர் அகலம் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை பி.எஸ்.ஐ.யில் அது ஊசியைத் தள்ளும் விசை 3 கிராம் நிறைக்குச் சற்று மேல். 6 பி.எஸ்.ஐ.யில் 13 கிராம். மிதவைக்கு அதற்கு ஈடுகொடுக்க ஒரே வழிதான் உண்டு: இன்னும் ஆழமாய் அமிழ்ந்து, இன்னும் பலமாய் மேலெழும்ப முயல்வது. ஆழமாய் அமிழ வேண்டுமென்றால் கிண்ணத்தில் மட்டம் ஏறவேண்டும். ஏறுகிறது. ஜெற் வாயைத் தாண்டுகிறது. மிதவை முழுதாய் அமிழ்ந்தும் போதாவிட்டால் வழிகிறது. புது ஊசி, புது மிதவை, பிழையில்லாத மட்டம், எல்லாம் இருந்தும் வழிகிறது. எஸ்.யூ. ஊசி வால்வுகள் பொதுவாக மூன்று பி.எஸ்.ஐ. வரைக்கும் சமாளிக்கும். அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்ப்பது அநியாயம்.

சேலைன் போத்தலின் உயரத்தைச் சும்மா சொல்லவில்லை. 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கண்ணில் காட்டாத பொருள். ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மைனரும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சின்னப் போத்தலில் ஒளித்து வைத்த பெற்றோலைக் காபுரேற்றரின் வாயில் சில துளி விட்டு இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதற்கே அந்தச் சில துளி. அந்தக் காலத்து மெக்கானிக்மாருக்கு எரிபொருள் எந்த உயரத்திலிருந்து வந்தால் எப்படி நடக்கும் என்பது கைப்பழக்கம். மண்ணெண்ணெய் பெற்றோலைவிடக் கனமானது என்பதால் அதில் மிதவை கொஞ்சம் மேலே மிதக்கும், ஊசி கொஞ்சம் முந்தியே அடைக்கும் என்பதையும் அவர்கள் அறிந்தே வைத்திருந்தார்கள். மானி பூட்டி அளந்து கற்ற பாடமில்லை அது.

ஆனால் மானி இருந்தால் நல்லது. பம்புக்கும் காபுரேற்றருக்கும் இடையிலுள்ள ரியூப்பை வெட்டி, ஒரு ‘ரி’ இணைப்பைப் போட்டு, 15 பி.எஸ்.ஐ. வரை காட்டும் சிறிய அழுத்தமானியைப் பூட்டினால் வழக்கு அங்கேயே தீரும். என்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி முள் எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கவேண்டும். பிறகு என்ஜின் ஓடும்போதும் ஒருமுறை. ரியூப்பில் கை வைக்குமுன் பற்றரியைக் கழற்றிவிடுங்கள். மைனரில் காபுரேற்றரும் சூடான புகைக்குழாய்ப் பகுதியும் என்ஜினின் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன. சொட்டும் பெற்றோல் எங்கே விழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வழிந்துகொண்டிருக்கும் காரை ‘ஒருக்கா ஓடிப் பாப்பம்’ என்று இயக்குவது மடத்தனம். இன்னொன்று: பல நாள் வழிந்த காரின் எண்ணெய்க் கம்பியை இழுத்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணந்தால் அது பிஸ்ரன் வளையங்களைக் கடந்து இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்திருக்கிறது. எண்ணெயை மாற்றாமல் ஓடினால் பேரிங் போகும்.

மானி இல்லாதவருக்குக் காது இருக்கிறது. அசல் எஸ்.யூ. பம்ப் பூட்டிய காரில் சாவியைத் திருப்பியதும் வேகமாக அடித்து, தளர்ந்து, நின்றுவிட்டால் எல்லாம் சுகம். நின்ற பிறகும் எப்போதாவது ஒரு ‘டக்’ விழுந்தால் பம்பின் உள்வால்வு சிறிதாகக் கசிகிறது, அவசரமில்லை. நிற்காமல் அடித்து, கிண்ணமும் வழிந்தால் ஊசி பிடிக்கவில்லை. நிற்காமல் அடித்தும் பெற்றோலே வராவிட்டால், தாங்கிப் பக்கத்துக் குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது தாங்கியே காலி. இந்தக் கடைசிக் காரணத்தை மணிக்கணக்காக மறந்து நின்றவர்களை நான் அறிவேன். ஒருவரை மிக நெருக்கமாகவே அறிவேன்.

அழுத்தம் கூடவென்றால் செய்ய வேண்டியது அதைக் குறைப்பதுதான். நடுவில் ரெகுலேற்றர் ஒன்றைப் போடலாம். ஆனால் சுற்றித் திருப்பும் எண்தட்டுள்ள மலிவான வகைகளை நான் நம்புவதில்லை. தட்டில் இரண்டு என்று வைத்தால் மானியில் நான்கு காட்டியதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். நல்ல வழி, அந்தக் காபுரேற்றருக்கென்று செய்த பம்பையே திரும்பப் பூட்டுவது. எஸ்.யூ. பம்புக்குப் புதிய சவ்வும் தொடுகையும் இன்றும் கிடைக்கின்றன. பெரும்பாலும் தொடுகை கருகியதுதான் அதன் நோய்.

நம் ஊர் வெயிலில் ஒரு பொய்க்குற்றமும் உண்டு. ஓடி வந்து கடை வாசலில் நிறுத்திய காரில், காற்றோட்டம் நின்றதும் என்ஜினின் சூடு காபுரேற்றருக்கு ஏறும். கிண்ணத்துப் பெற்றோல் கொதித்து ஜெற்றால் பொங்கும். பத்து நிமிடம் கழித்து இயக்கினால் பிடிக்காது. இதற்கு ஊசியோ பம்போ பொறுப்பில்லை. சோக்கைத் தொடாமல், அக்சிலேற்றரை அடிவரை மிதித்துப் பிடித்தபடி ஸ்ராட்டரை இழுத்தால் மிஞ்சிய பெற்றோல் காற்றோடு அடித்துப் போய்விடும். சிலர் அக்சிலேற்றரைக் குத்திக் குத்தி மிதிப்பார்கள். எஸ்.யூ.வில் அப்படி மிதித்தால் பெற்றோல் பீச்சும் பம்ப் கிடையாது. கால்தான் நோகும்.

அந்த மெக்கானிக் அண்ணை என் பழைய எஸ்.யூ. பம்பைப் பிரித்து, தொடுகையை உப்புத்தாளால் தேய்த்து, புதுச் சவ்வு போட்டுத் திரும்பப் பூட்டினார். சாவியைத் திருப்பினேன். வேகமாக அடித்தது, தளர்ந்தது, நின்றது. அந்தச் சதுரப் பம்பை என்ன செய்வது என்று கேட்டேன். “விட்டிட்டுப் போம், எனக்கு உதவும்” என்றார். இப்போது அது அவருடைய கராஜில் பீப்பாவிலிருந்து கானுக்கு டீசல் மாற்றுகிறது. அந்த வேலைக்கு நல்ல பம்ப்.