கூர்க்காவின் சொந்த ஊர் எது?
நேபாள நாட்டு நகரங்கள்: ஓர் அறிமுகம்

இரவு 2 மணிக்குத் தடியைத் தட்டிக்கொண்டும் விசில் ஊதிக்கொண்டும் நம் தெருவைச் சுற்றி வருகிறவரை "கூர்க்கா" என்று அழைக்கிறோம். அது அவருடைய பெயர் அல்ல. ஒரு ஊரின் பெயர்!

மும்பையில் நெல்லைக்காரர், கோவைக்காரர், பாலக்காட்டுக்காரர் எல்லோருக்கும் ஒரே பெயர்தான்: "மதராஸி". அதைக் கேட்டால் நமக்குச் சுருக்கென்று இருக்கிறது. நேபாளத்துக்காரர் எல்லோரையும் கூர்க்கா என்று நாம் அழைப்பதும் அதே கதைதான்.

அந்த நாட்டில் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் இந்தியக் குடிமகன் போய்வரக்கூடிய நாடு அது. 1950-ம் ஆண்டு இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கை இதற்கு அடிப்படை. மாதச் சம்பளக்காரர் ஒருவர் பத்து நாள் லீவு போட்டுவிட்டுக் குடும்பத்துடன் பார்த்து வரக்கூடிய அந்த ஊர்களைப் பார்ப்போமா?

பெயர் தந்த ஊர்

முதலில் கூர்க்கா என்ற ஊர். தலைநகர் காத்மாண்டிலிருந்து பொக்காராவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பாதி வழிக்கு மேல் போனதும், வடக்கே ஒரு மலைப்பாதை பிரியும். அங்கேதான் இந்தச் சிற்றூர் இருக்கிறது. மலை உச்சியில் பழைய அரண்மனை நிற்கிறது.

இந்த ஊரை ஆண்ட பிருத்வி நாராயண் ஷா, 1768-ல் காத்மாண்டைப் பிடித்தார். சிதறிக் கிடந்த சிற்றரசுகளை ஒன்றாக்கி இன்றைய நேபாளத்துக்கு அடிகோலினார். 1814 முதல் 1816 வரை ஆங்கிலேயர் நேபாளத்துடன் போரிட்டனர். எதிரிகளின் வீரத்தைப் பார்த்து வியந்து, அவர்களையே தங்கள் படையில் சேர்த்துக்கொண்டார்கள். ஊரின் பெயர் படையின் பெயராயிற்று. பிறகு காவல்காரர்களின் பெயராகவும் ஆயிற்று.

2015 ஏப்ரல் 25-ல் நாட்டையே உலுக்கிய பூகம்பத்தின் மையமும் இந்த மாவட்டம்தான். சுமார் 9,000 பேர் மாண்டார்கள்.

பள்ளத்தாக்கில் மூன்று நகரங்கள்

காத்மாண்டு, பாட்டன், பக்தபூர் மூன்றும் ஒரே பள்ளத்தாக்கில் அருகருகே உள்ளன. ஒரு காலத்தில் மூன்றும் தனித்தனி அரசுகளின் தலைநகரங்கள். ஒருவரை மிஞ்சி ஒருவர் கோவில் கட்டியதால் மூன்று ஊரிலும் கலைச் செல்வம் குவிந்துவிட்டது.

காத்மாண்டில் பாக்மதி ஆற்றங்கரையில் பசுபதிநாதர் கோவில் இருக்கிறது. இங்கே பூசை செய்யும் பட்டர்களைத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வருவது நெடுங்கால வழக்கம். கருவறைப் பக்கம் நம் பக்கத்து முகத்தைக் கண்டு வியக்க வேண்டாம்! தோல் பெல்ட், தோல் பை முதலியவற்றை வெளியிலேயே விட்டுச் செல்ல வேண்டும்.

பாட்டனுக்கு லலித்பூர் என்றும் பெயர். 1637-ல் கட்டப்பட்ட கிருஷ்ணர் கோவில் இங்கே புகழ் பெற்றது. மரமும் செங்கல்லும் கொண்டு கட்டுவதே இந்தப் பக்கத்து வழக்கம். இதுவோ முழுக்க முழுக்கக் கல்.

பக்தபூரில் ஐந்தடுக்குக் கூரை கொண்ட நியாதபோல கோவில் வானுயர நிற்கிறது. 1702-ல் எழுந்த இந்தக் கோவில், 1934 பூகம்பத்தையும் 2015 பூகம்பத்தையும் தாங்கி நின்றது. இந்த ஊரில் குயவர்களுக்கென்றே ஒரு சதுக்கம் இருக்கிறது. அவர்கள் வனையும் மண் சட்டியில் உறையவைத்த தயிருக்கு "ஜுஜு தௌ" என்று பெயர். "தயிர்களின் ராஜா" என்று பொருள். தயிர்ச் சோற்றுக்காரர்கள் தவறவிடக் கூடாது.

ஏரியும் ஆழ்வார்களும்

காத்மாண்டுக்கு மேற்கே சுமார் 200 கிலோ மீட்டரில் பொக்காரா. ஃபேவா ஏரியில் படகில் போனால், மீன்வால் போன்ற மச்சபுச்சரே சிகரத்தின் நிழல் தண்ணீரில் விழுவதைக் காணலாம். அதன் உயரம் 6,993 மீட்டர். விடியற்காலையில் பார்த்துவிட வேண்டும். பிறகு மேகம் மூடிவிடும்.

பொக்காராவிலிருந்துதான் முக்திநாத் போக வேண்டும். வைணவர்களின் 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் இதுவே. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய தலம். உயரம் சுமார் 3,700 மீட்டர். மூச்சிரைப்பு, இதயக் கோளாறு உள்ள பெரியவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. ஜோம்சோம் வரை சிறு விமானம் போகும். பகலில் காற்று வலுத்துவிடுவதால், காலையில்தான் அது பறக்கும். ஜீப்பிலும் போகலாம், இடுப்பு வலிக்கும், செலவு குறையும்.

சமவெளி ஊர்கள்

நேபாளம் என்றால் பனிமலை மட்டும் அல்ல. தெற்கே நம் பீகார், உத்தரப்பிரதேசத்தை ஒட்டி வயல்வெளி நீண்டு கிடக்கிறது. அதற்குத் தராய் என்று பெயர்.

புத்தர் பிறந்த லும்பினி இங்கேதான். அசோகர் நாட்டிய கல் தூண் இன்றும் நிற்கிறது. சீதையின் ஊர் என்று போற்றப்படும் ஜனக்பூரில் பெரிய ஜானகி கோவில் உண்டு. பீகாரின் ஜெய்நகரிலிருந்து இந்த ஊருக்கு 2022 ஏப்ரலில் அகலப்பாதை ரெயில் ஓடத் தொடங்கியது.

கிழக்கே பிராட்நகர் தொழில் நகரம். 1936-ல் நாட்டின் முதல் சணல் ஆலை இங்கே வந்தது. 1947-ல் அந்த ஆலைத் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தம், ராணா ஆட்சிக்கு எதிரான போராட்டத்துக்கே வித்திட்டது. அதில் முன்னின்ற கிரிஜா பிரசாத் கொய்ராலா பின்னாளில் பிரதமரானார்.

ரக்சாலுக்கு எதிரே உள்ள பீர்கஞ்ச் சரக்கு லாரிகளின் வாசல். கோவில் குளம் தேடி இங்கே தங்க வேண்டியதில்லை; பஸ் மாறினால் போதும்.

நம் தெருக் காவல்காரர்

சரி, நம் தெருவில் விசில் ஊதுகிறவர் எந்த ஊர்? மும்பை, டெல்லி, பெங்களூரில் இந்த வேலை பார்ப்பவர்களில் பலர் கூர்க்கா ஊரைப் பார்த்ததே இருக்காது. அவர்கள் நாட்டின் தூர மேற்கு மலைப்பகுதியைச் சேர்ந்தவர்கள். அச்சாம், டோட்டி, பஜாங் என்பன அவர்களுடைய மாவட்டங்கள். மழையை நம்பிய துண்டு நிலம், உள்ளூரில் வேலை இல்லை. தாத்தா வந்த ரெயிலில் அப்பா வந்தார். அப்பா வந்த ரெயிலில் மகனும் வருகிறார்.

தன்காடி, மகேந்திரநகர் ஆகிய எல்லையோர நகரங்கள் அவர்களுக்கு வாசற்படி. தசரா சமயத்தில் வரும் "தசைன்" அவர்களுக்குப் பெரிய பண்டிகை. நாம் பொங்கலுக்கு ஊருக்கு ஓடுவதுபோல், மூட்டை முடிச்சு, பிள்ளைகளுக்குத் துணிமணியோடு ஓடுவார்கள். அந்த வாரத்தில் நேபாளத்தில் பஸ்ஸில் இடம் கிடைக்காது, கடைகளும் மூடியிருக்கும். சுற்றிப்பார்க்கப் போகிறவர்கள் தசைனுக்குப் பிறகு நவம்பரிலோ, மார்ச், ஏப்ரலிலோ போவது நல்லது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. மலைச் சாலைகளில் மண் சரியும்.

போகும் வழியும் பணமும்

மும்பையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் கோரக்பூருக்கு நேரடி ரெயில் உண்டு. அங்கிருந்து சுமார் 100 கிலோ மீட்டரில் சுனௌலி எல்லை. வளைவைக் கடந்து நடந்தே போகலாம். பக்கத்து ஊரான பைரவாவிலிருந்து லும்பினி, பொக்காரா, காத்மாண்டு மூன்றுக்கும் பஸ் உண்டு. விமானத்தில் போகிறவர்கள் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை காட்ட வேண்டும். சாலை வழியில் போகிறவர்களும் அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

நம் 100 ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய். 1993 முதல் இதுதான் கணக்கு. கடைக்காரர் விலை சொன்னதும் "ஐ.சி.யா, என்.சி.யா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐ.சி. என்றால் இந்தியப் பணம், என்.சி. என்றால் நேபாளப் பணம். கேட்காவிட்டால் 100-க்கு 60 நஷ்டம்! 2018 டிசம்பரில் நேபாள அரசு 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளுக்குத் தடை போட்டது. பிறகு விதிகள் மாறுவதும் தளர்வதும் உண்டு என்பதால், 100 ரூபாய்க் கட்டாக எடுத்துப் போவதே தொல்லையற்றது. அங்கே கடிகாரத்தை 15 நிமிடம் முன்னே தள்ளி வைக்கவும். வார விடுமுறை சனிக்கிழமை என்பதையும் மறக்க வேண்டாம்.

எந்தப் பஸ், என்ன கட்டணம் என்பதெல்லாம் உங்கள் தெருக் காவல்காரருக்கு அத்துப்படி. மாதச் சந்தா வாங்க வரும்போது கேட்டுப் பாருங்கள். "கூர்க்கா" என்று கூப்பிடாமல் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "உங்களுக்கு எந்த ஊர்?" என்று தொடங்கினால், வழி முழுவதையும் அவரே சொல்லிவிடுவார்.