மின்மினி சொல்லும் பதில்

கல்யாண வீடு, திருவிழாக் கடை, பொருட்காட்சி என்று எங்கே போனாலும் இப்போது மருதாணி கோன் கிடைக்கிறது. அதில் ஒரு ரகம், வைத்த அரைமணி நேரத்திலேயே கருகருவென்று பிடித்துவிடும். அம்மியில் அரைத்த மருதாணிக்கு அந்த அவசரம் கிடையாது. ராத்திரி வைத்தால் காலையில் ஆரஞ்சு, அதற்கு மறுநாள்தான் நல்ல சிவப்பு. இலையில் உள்ள லாசோன் என்ற சாயம் தோலின் கெரட்டின் புரதத்தோடு நிதானமாகத்தான் சேரும்.

அப்படியானால் அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் பாராஃபினைலின்டையமின் என்ற ரசாயனத்திலிருந்து. சுருக்கமாக பி.பி.டி. நரைமுடிக்குப் பூசும் ஹேர் டைகள் பலவற்றில் இருப்பது இதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் தலைமுடிச் சாயத்தில் இதைச் சேர்க்கலாம். ஆனால் தலையில் பூசும் கலவையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தோலில் படம் வரைய அனுமதியே இல்லை.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? பி.பி.டி. மூலக்கூறு மிகச் சிறியது. அதன் எடை சுமார் 108 டால்டன். ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை ஏறக்குறைய 1 டால்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக 500 டால்டனுக்குக் குறைவான மூலக்கூறுகள் தோலின் மேலடுக்கைத் தாண்டி உள்ளே போய்விடும். பி.பி.டி. ஆக்சிஜனோடு வினைபுரிந்து உருமாறி, நம்முடைய சொந்தப் புரதங்களிலேயே ஒட்டிக்கொள்கிறது. தினமும் பார்க்கும் ஆள்தான் என்றாலும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு வந்தால் தெருநாய் குரைக்கும், இல்லையா? நம் நோய் எதிர்ப்பு மண்டலமும் அப்படித்தான். புரதம் பழையதுதான், அதன்மேல் புதிதாக ஏதோ இருக்கிறது. உடனே உஷாராகிவிடும்.

உஷாரானாலும் முதல் தடவை பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. தோலில் உள்ள சில செல்கள் அந்தப் புரதத்தின் மாதிரியை நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோகின்றன. அங்கே டி-செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் அதை அடையாளம் கண்டு, பெருகி, நினைவில் வைத்துக்கொள்கின்றன. இதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அடுத்த தடவை அதே பொருள் பட்டால் ஒன்றிரண்டு நாளில் அரிப்பு, தடிப்பு, சில சமயம் கொப்புளம். “போன தடவை ஒண்ணும் ஆகலையே!” என்று பெரியவர்கள் குழம்புவது இதனால்தான். போன தடவைதான் உடம்பு அதைக் கற்றுக்கொண்டது. கற்றதை அது லேசில் மறப்பதும் இல்லை. சின்ன வயதில் கறுப்பு மருதாணி வைத்துக்கொண்டவர், பல வருடம் கழித்து ஹேர் டை போடும்போது முகமெல்லாம் வீங்கி அவதிப்படுவது உண்டு. பெட்டியில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று எழுதாத, சட்டென்று கறுக்கும் கோனை யார் நீட்டினாலும் தயவுசெய்து கையை நீட்டாதீர்கள்.

சரி, ஒரு புதுப் பொருள் க்ரீமிலோ ஷாம்புவிலோ சேர்வதற்கு முன்பே அது இப்படிச் செய்யுமா என்று கண்டுபிடிக்க முடியுமா? முன்பெல்லாம் இதற்குப் பிராணிகளைத்தான் பிடித்தார்கள். 1969-இல் மாக்னுசன், கிளிக்மன் என்ற இருவர் வெளியிட்ட முறையில் கினிப் பன்றியின் தோலில் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். பிறகு வந்த முறையில், சுண்டெலியின் காதில் மூன்று நாள் சோதிக்கும் ரசாயனத்தைத் தடவி, பின்னர் அதைக் கொன்று நிணநீர் முடிச்சை எடுத்துச் சோதிப்பார்கள். நமது அழகுக்காக அவை பட்ட பாடு எனக்கு ஒருநாளும் நியாயமாகத் தோன்றியதில்லை. அழகுசாதனப் பொருட்களுக்கான பிராணிச் சோதனைக்கு விதித்த தடையை ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் முழுமையாக்கியது. இந்தியா அத்தகைய சோதனையை 2014-இல் தடை செய்தது.

தடை போட்டால் மட்டும் போதுமா? மாற்று வழி வேண்டுமே. விஞ்ஞானிகள் உடம்புக்குள் நடக்கும் கதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் கண்ணாடிக் குழாய்க்குக் கொண்டுவந்தார்கள்.

முதல் துண்டு, புரதத்தோடு ஒட்டுவது. இதற்குத் தோலே வேண்டாம். சிஸ்டீன், லைசின் என்ற அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதத் துண்டுகளைத் தயாரித்து, சோதிக்கும் ரசாயனத்தோடு கலந்து 24 மணி நேரம் வைப்பார்கள். பிறகு எவ்வளவு துண்டு ஒட்டாமல் தனியாக மிஞ்சியது என்று அளப்பார்கள். சராசரியாக 6.38 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் சந்தேகப்பட வேண்டிய பொருள்.

இரண்டாவது துண்டுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆய்வுக்கூடத்தில் வளரும் மனிதத் தோல் செல்களுக்குள் ஒரு மரபணுவைச் சேர்த்திருக்கிறார்கள். மின்மினிப் பூச்சி மினுக்க உதவும் லூசிஃபெரேஸ் என்ற நொதிக்கான மரபணு! சந்தேகமான ரசாயனம் செல்லுக்குள் வந்து ஒட்டினால், செல் தன் தற்காப்பு மரபணுக்களை முடுக்கிவிடும். அதே விசையில் மின்மினி மரபணுவையும் இணைத்துவிட்டார்கள். 96 சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் செல்களை வளர்த்து, ரசாயனத்தைப் பல அளவுகளில் விட்டு, 48 மணி நேரம் காத்திருப்பார்கள். பிறகு மின்மினியின் எரிபொருளான லூசிஃபெரினைச் சேர்த்து, கருவியில் வைத்து ஒளியை அளப்பார்கள். சும்மா இருக்கும் செல்களைவிட ஒன்றரை மடங்கு வெளிச்சம் வந்தால் செல் பதறியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது செல்கள் பெரும்பாலும் உயிரோடும் இருக்க வேண்டும். செத்துக்கொண்டிருக்கும் செல்லின் பதிலை நம்ப முடியாது.

சோதனையே சரியாக வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? விடை தெரிந்த பொருட்களை வைத்துப் பார்ப்பார்கள். கட்டாயம் வெளிச்சம் தர வேண்டிய பொருள் சின்னமால்டிஹைடு. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிப் பட்டையின் மணம் இதுதான். வெளிச்சம் தரக் கூடாதவற்றில் ஒன்று லாக்டிக் அமிலம். தயிரின் புளிப்பு! இயற்கையில் கிடைப்பதெல்லாம் தோலுக்கு நல்லது என்று விளம்பரம் சொன்னால் பட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சோதனை இரத்த வெள்ளணு வகைச் செல்களில் நடக்கும். 24 மணி நேரத்தில் அவற்றின் மேற்பரப்பில் இரண்டு குறிப்பிட்ட புரதங்கள் கூடுகின்றனவா என்று லேசர் ஒளியில் எண்ணிப் பார்ப்பார்கள். எந்த ஒரு சோதனையையும் மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வதில்லை. புரதச் சோதனை நிக்கல் போன்ற உலோகங்களுக்குப் பொருந்தாது என்பது ஓர் உதாரணம். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் ஏற்கலாம் என்ற முறைக்கு 2021-இல் சர்வதேச வழிகாட்டி வந்தது.

இத்தனை செய்தும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. ஆரஞ்சுத் தோலின் மணமான லிமோனீன் சோப்பிலும் சென்ட்டிலும் நிறையச் சேர்கிறது. புதிதாக இருக்கும்போது அது சாது. பாட்டிலைத் திறந்து போட்டால் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து வேறு பொருளாக மாறும். ஒவ்வாமையைக் கிளப்புவது அந்த மாறிய பொருள்தான். அதனால்தான் தோல் மருத்துவர்கள் முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட்டில், காற்றுபட்டு மாறிய லிமோனீனைப் பயன்படுத்துகிறார்கள்.