ஒளித் தீமூட்டல்

ஒளித் தீமூட்டல் என்பது நானோ பொருள்களின் மீது ஒளியைப் பாய்ச்சி, அவற்றின் வழியாக எரிபொருளைப் பற்றவைக்கும் முறை ஆகும்.

கண்டுபிடிப்பு

கேரளத்தின் கொடுங்ஙல்லூரில் பிறந்த புலிக்கல் அஜயன், அமெரிக்காவின் ரென்சலேர் பல்தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றியபோது, அவரது குழுவினர் 2002-இல் இவ்விளைவை அறிவித்தனர். ஒளிப்படக் கருவியின் பிளாஷ் ஒளி அருகிலிருந்து பட்டதும், பஞ்சு போன்ற ஒற்றைச்சுவர் கார்பன் நானோகுழாய்கள் காற்றில் தீப்பற்றின.

காரணம்

இக்குழாய்கள் ஒளியை மிகுதியாக உட்கவர்கின்றன. தளர்ந்த அடுக்கில் வெப்பம் விரைந்து வெளியேறுவதில்லை. விருத்தாசலத்தின் பீங்கான் சூளைகள் பல மணி நேரம் எரிந்து எட்டும் ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பநிலை, இங்கு நொடிக்கும் குறைவான நேரத்தில் உண்டாகிறது. தயாரிப்பின்போது வினையூக்கியாகச் சேர்க்கப்பட்டு எஞ்சிய இரும்பு நுண்துகள்கள் ஆக்சிசனேற்றம் அடைவதே தீப்பற்றுவதற்கு முக்கியக் காரணம் எனப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. இரும்பு நீக்கப்பட்ட குழாய்கள் இவ்வாறு எளிதில் பற்றுவதில்லை.

பயன்பாடு

ஸ்பார்க் பிளக் எரிபொருளை ஒரு புள்ளியில் மட்டுமே பற்றவைக்கிறது. எரிபொருளில் பரவியுள்ள நானோகுழாய்களோ ஒரே நேரத்தில் பல இடங்களில் தீமூட்டுகின்றன. இதனால் எரிதல் சீராகும் என்பதால், எஞ்சின்களிலும் ஏவூர்திகளிலும் இம்முறையைப் பயன்படுத்த ஆராயப்பட்டது. எனினும் ஒவ்வொரு முறையும் குழாய்கள் எரிந்து தீர்வதும், இரும்பு ஆக்சைடு எஞ்சுவதும் இதன் குறைகளாகும்.

பாதுகாப்பு

இரும்பு கலந்த உலர்ந்த நானோகுழாய்களின் அருகே பிளாஷ் கொண்டு படம் எடுப்பது தீ விபத்துக்கு வழிவகுக்கலாம்.