இண்டிகேட்டர் பதறுவது ஏன், தெரியுமா?

பைக்கில் ஆசை ஆசையாக எல்.இ.டி. இண்டிகேட்டர் மாட்டியாயிற்று. சுவிட்சைத் தள்ளினால், நிதானமாகச் சிமிட்ட வேண்டியது 'டிக்டிக்டிக்டிக்' என்று பதறுகிறது! போலிச் சரக்கு என்று கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பாதீர்கள். அது கோளாறே இல்லை, எச்சரிக்கை மணி!

ஒரு பக்கத்துக்கு இரண்டு 10 வாட் பல்புகள் என்றால், 12 வோல்ட்டில் சுமார் 1.7 ஆம்பியர் ஓடும். ஒரு பல்பு ஃபியூஸ் போனால் கரண்ட் பாதியாகிவிடும். அதை ஓட்டுபவருக்குச் சொல்லத்தான் விளக்கைச் சிமிட்ட வைக்கும் ஃபிளாஷர் ரிலே வேகமெடுக்கிறது. எல்.இ.டி.யோ ஓரிரு வாட்டில் வேலையை முடித்துவிடும். ரிலேக்கு என்ன தெரியும், பாவம்! 'பல்பு போச்சு' என்று அலறுகிறது. கரண்டின் சூட்டில் உலோகத் தகடு வளைந்து வேலை செய்யும் பழைய ரிலேயாக இருந்தால், சிமிட்டவே சிமிட்டாது.

இதற்கு ரெசிஸ்டர் போட்டு ரிலேயை ஏமாற்றுபவர்கள் உண்டு. மிச்சம் பிடித்த மின்சாரத்தை அப்படியே சூடாக்கி விரயம் செய்வதற்கு எதற்கு எல்.இ.டி.? பிளாஸ்டிக்கை ஒட்டி வைத்தால் உருக்கியும்விடும். எல்.இ.டி.க்கென்றே விற்கும் ரிலேயை மாற்றுவதுதான் உருப்படியான வழி.

ரிலேயை மாற்றியும் இன்னொரு கூத்து நடக்கலாம். இடது பக்கம் போட்டால் நான்கும் மின்னும்! மீட்டரில் இரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே விளக்கு உள்ள வண்டிகளில்தான் இது. அந்த விளக்கு இடது வயருக்கும் வலது வயருக்கும் நடுவே இருக்கிறது. அதன் வழியாகக் கசியும் கொஞ்சம் கரண்ட் பழைய பல்புகளுக்கு உறைக்காது, எல்.இ.டி.க்கு அதுவே தாராளம். வயருக்கு ஒன்றாக இரண்டு டயோடுகள் கொடுத்து, விளக்கின் மறுமுனையை எர்த்தில் இணைத்தால் தீர்ந்தது.

அடுத்தது நிறம். ஹோலோனியாக் என்ற விஞ்ஞானி 1962இல் சிவப்பு எல்.இ.டி.யைக் காட்டினார், மஞ்சள் வருவதற்கு 1972 ஆயிற்று. அந்தக் காத்திருப்பின் பலனை வீணாக்கலாமா? ஆரஞ்சுக் கண்ணாடிக்குள் வெள்ளை எல்.இ.டி. போட்டால் வெளிச்சத்தில் பெரும்பகுதியைக் கண்ணாடியே விழுங்கிவிடும். உள்ளேயும் ஆரஞ்சே கேட்டு வாங்குங்கள்!

மாட்டி முடித்ததும் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிவிடுங்கள்: நிமிடத்துக்கு 60 முதல் 120 சிமிட்டல்களுக்குள் இருக்க வேண்டும்.