வேலையை விட்டுச் சுயதொழில்: மனம் களைத்திருக்கும்போது எடுக்கும் முடிவு



"மனம் சரியில்லை, அதனால் வேலையை விட்டுவிட்டேன்" என்று எமது சமூகத்தில் ஒருவர் வெளிப்படையாகச் சொல்வது மிகக் குறைவு. ஆனால் "வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு பிஸ்னஸ் தொடங்கியிருக்கிறேன்" என்று சொல்பவர்கள் பலர். முதலாவதைச் சொல்ல வெட்கம், இரண்டாவதைச் சொல்லப் பெருமை. சில வேளைகளில் இரண்டாவது வசனத்தின் பின்னால் முதலாவது வசனம் மறைந்திருப்பதைக் குடும்ப வைத்தியர்களாகிய நாம் காண்கிறோம். அப்படி மறைந்திருக்கும் நோய்க்கு எவரும் சிகிச்சை பெறுவதில்லை. ரக்சி, கடை, துப்புரவு ஒப்பந்தம், உணவு விற்பனை என்று தொழில் மாறினாலும் நோய் கூடவே வருகிறது.

சுயதொழில் கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஒக்லாந்தில் பல தமிழ்க் குடும்பங்கள் சுயதொழிலால் நிமிர்ந்திருக்கின்றன. மனநலம் பாதிக்கப்பட்டிருக்கும் வேளையில் இந்த முடிவை எப்படி எடுப்பது என்பதையே இங்கு பார்ப்போம்.

வேலை ஏன் மனதை வாட்டுகிறது?

ரொபேர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1979 இல் ஒரு எளிய விளக்கத்தைத் தந்தார். வேலைப்பளு அதிகமாக இருந்து, அந்த வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமையும் குறைவாக இருந்தால் மனிதர் நோயாளியாகும் ஆபத்து கூடுகிறது என்பதே அது. லண்டனில் அரசாங்க ஊழியர்களிடையே 1985 இல் தொடங்கிய வைற்ஹோல் ஆய்வும், வேலையில் இந்த உரிமை குறைந்தவர்களுக்கு இருதய நோய் கூடுதலாக வருவதைக் காட்டியது.

எம்மவர் பலரின் நிலை இதுதான். ஊரில் ஆசிரியராகவோ இலிகிதராகவோ இருந்தவர் இங்கே பண்டகசாலையில் இரவு வேலை செய்கிறார். பிள்ளையின் வயதில் உள்ள மேற்பார்வையாளர் அவரை அதட்டுகிறார். போரைக் கண்டவர்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. பெட்டி விழும் சத்தம், உரத்துக் கத்தும் குரல், நவம்பர் மாதத்து வாணவெடிகள் ஆகியவை நெஞ்சைப் படபடக்க வைக்கும். 2009 இல் உறவுகளை இழந்தவர்களுக்கு மே மாதம் வந்தால் நித்திரை வராது. அகதியாக வந்தவர்கள் என்ற முறையில் நாமும் இதை அறிவோம். எனவே "எனக்கு நானே முதலாளியாக இருந்தால் நிம்மதி" என்ற எண்ணம் வருவது இயல்பே.

காரணம் வேலையா, நோயா?

முடிவெடுக்க முன்னர் இதைப் பிரித்தறிய வேண்டும். தொடர்ந்த வேலை நெருக்கடியால் ஏற்படும் களைப்பை உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வேலையோடு தொடர்புடைய ஒரு நிலை என்று விபரித்தது. அதை ஒரு நோயாக அது வகைப்படுத்தவில்லை. இத்தகைய களைப்பு உள்ளவர் லீவில் நின்றால் பெரும்பாலும் தேறுவார்.

மனச்சோர்வு நோய் வேறு. லீவிலும் மகிழ்ச்சி இராது. பிள்ளையின் பிறந்தநாளும் பாரமாகத் தெரியும். நித்திரை, பசி, கவனம் எல்லாம் குறையும். இவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் செல்லுங்கள். இந்த நோயின் தன்மையே எல்லாவற்றையும் இருட்டாகக் காட்டுவதுதான். இருக்கும் வேலை நரகமாகவும், தொடங்காத தொழில் சொர்க்கமாகவும் தெரியும்.

இதற்கு எதிர்மாறான நிலையும் உண்டு. ஒருவர் திடீரென்று நித்திரையே தேவைப்படாமல், ஓயாமல் கதைத்து, ஒரு வாரத்துக்குள் பெரும் கடன் எடுத்துத் தொழில் தொடங்கத் துடித்தால் அதை உற்சாகம் என்று மட்டும் எண்ணாதீர்கள். இருமுனை மனநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

தைரொயிட் குறைபாடு, சைவ உணவுக்காரர்களிடம் காணப்படும் விற்றமின் பி12 குறைபாடு, நித்திரையில் மூச்சுத் தடைப்படுதல் என்பனவும் மனச்சோர்வு போலவே தோன்றும். முதல் இரண்டையும் சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடிக்கலாம்.

இராஜினாமாக் கடிதம் கொடுக்க முன்னர்

1. முதலில் சிகிச்சை. மனச்சோர்வுக் குளிசைகள் நன்கு வேலை செய்யச் சில வாரங்கள் எடுக்கும். உளவளத்துணைக்கும் அவ்வாறே காலம் தேவை. ஆபத்தில்லாத வேலையாயின், குறைந்தது இரண்டு மாதங்களுக்குப் பெரிய முடிவுகளை ஒத்திப்போடுங்கள்.

2. சுகவீன லீவை எடுங்கள். ஆறு மாதம் வேலை செய்தவர்களுக்கான வருடாந்தச் சுகவீன லீவு 2021 ஜூலை 24 முதல் 5 நாட்களிலிருந்து 10 நாட்களாகக் கூட்டப்பட்டது. மனநோயும் சுகவீனமே. வைத்தியச் சான்றிதழில் நோயின் பெயரை எழுத வேண்டிய அவசியமில்லை.

3. வேலையை மாற்றிக் கேளுங்கள். இரவு வேலையைப் பகலுக்கு மாற்றவோ நாட்களைக் குறைக்கவோ ஊழியர் எவரும் எழுத்தில் கேட்கலாம். முதலாளி ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். 2015 ஆம் ஆண்டின் வேலைத்தலச் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தில் சுகாதாரம் என்பது உளநலத்தையும் குறிக்கும்.

4. துன்புறுத்தல் காரணமென்றால் ஆலோசனை பெறுங்கள். வேலைத்தல முறைப்பாட்டைப் பொதுவாக 90 நாட்களுக்குள் எழுப்ப வேண்டும். மௌனமாக விலகிப் பல மாதங்கள் சென்றால் அந்த வழி அடைபட்டுவிடும்.

5. வைத்தியரின் பதிவு இருக்கட்டும். போதிய காரணமின்றித் தாமாக வேலையை விட்டவர்களுக்கு அரசாங்கக் கொடுப்பனவு 13 வாரங்கள் வரை கிடைக்காமல் போகலாம். உடல்நலமே காரணம் என்றால், விலக முன்னரே அது பதியப்பட்டிருப்பது நல்லது.

சுயதொழில் தருவதும் எடுப்பதும்

சுயதொழில் தருவது நேரத்தின் மீதான உரிமை. மனப்பதற்றம் உள்ளவர் காலையில் மெதுவாகத் தொடங்கலாம். அதட்டல் இல்லை. செய்த வேலையின் பலன் கண்முன் தெரியும். இவை உண்மையிலேயே மனதை ஆற்றக்கூடியவை.

அது எடுப்பதையும் எண்ணிப் பாருங்கள். சம்பளத்துடன் சுகவீன லீவு இல்லை. கிவிசேவருக்கு முதலாளியின் பங்கு இல்லை. ஏ.சி.சி கட்டணத்தை நீங்களே கட்ட வேண்டும். அதுவும் காயங்களுக்கே உதவும், மனச்சோர்வு நோய்க்கு வருமானம் தராது. வருமானக் காப்புறுதி எடுக்கும்போது பழைய மனநோய்க்குப் பாதுகாப்பு உண்டா என்று கேட்டு வாசித்து ஒப்பமிடுங்கள்.

வரியும் பலரைத் தடுக்கி விழுத்துகிறது. பெரும்பாலான சுயதொழில்களில் முதல் வருடம் வரி பிடிபடுவதில்லை. மறு வருடம் பழைய வரியும், வருடத்துக்கு 5,000 டொலருக்கு மேல் வரி கட்டுபவர்களுக்கு முற்கூட்டிய வரியும் சேர்ந்து வரும். விற்பனை 12 மாதங்களில் 60,000 டொலரைத் தாண்டினால் ஜி.எஸ்.ரி பதிவும் வேண்டும். மனச்சோர்வில் கடிதங்களைத் திறக்காமல் வைத்திருப்பவர்களுக்கு இது பேராபத்து.

எல்லாவற்றையும் விடப் பெரியது தனிமை. பண்டகசாலையில் தேநீர் வேளைக்கு நாலு பேராவது இருந்தார்கள். இரவில் தனியாக அலுவலகங்களைத் துப்புரவு செய்பவருக்கும், நாள் முழுவதும் காருக்குள் இருப்பவருக்கும் அதுவும் இல்லை.

தொடங்குவதாயின்

பலரின் அனுபவங்களைச் சேர்த்து ஒருவராகச் சொல்கிறோம். வீட்டின் மேல் கடன் எடுத்துத் துப்புரவு ஒப்பந்தம் ஒன்றை வாங்க இருந்தவர், முதலில் சிகிச்சை பெற்றார். பகல் வேலைக்கு மாறினார். நித்திரை திரும்பியது. பின்னர் ஒப்பந்தத்தை வாசித்தபோது, முன்பு கண்ணில் படாத நிபந்தனைகள் தெரிந்தன. அதை வாங்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் வேலையை வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் தோட்டப் பராமரிப்பைச் சிறிதாகத் தொடங்கினார். தொழில் கனவு அவரை விட்டுப் போகவில்லை. அதைச் சுமக்கும் பலம்தான் திரும்பி வந்தது.

ஆகவே சிறிதாக, முடிந்தால் பகுதிநேரமாகத் தொடங்குங்கள். ஆறு மாத வீட்டுச் செலவைச் சேமித்து வையுங்கள். வீட்டை அடகு வைப்பதைத் தவிருங்கள். வருமானத்தில் ஒரு பங்கை வரிக்கெனத் தனிக் கணக்கில் போடுங்கள். வாரத்தில் ஒரு நாள் கடையைப் பூட்டுங்கள். நன்றாக இருக்கிறது என்று குளிசையை நீங்களாகவே நிறுத்த வேண்டாம். தொழில் தொடங்கிய முதல் வருடத்தில் வைத்தியரிடம் ஒழுங்காகச் சென்று காட்டுங்கள்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

"எல்லாரும் செய்கிற வேலைதானே, உமக்கு மட்டும் என்ன?" என்று கேட்காதீர்கள். "விசர்" என்ற சொல்லைப் பகிடிக்கும் சொல்லாதீர்கள். "எப்போதிருந்து நித்திரை இல்லை?" என்று கேளுங்கள். வரவு செலவைக் கணவனும் மனைவியும் சேர்ந்திருந்து பாருங்கள். ஒருவர் உயிர் வாழ விருப்பமில்லை என்று சொன்னால் அதை நேரடியாகக் கேட்டு, தனியே விடாமல் உதவியை நாடுங்கள்.

உதவி எங்கே?

குடும்ப வைத்தியரே முதற்படி. 2019 ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தின் பின்னர், பல வைத்திய நிலையங்களில் இலவசமாகக் கதைக்கக்கூடிய உளநல உதவியாளர்கள் அமர்த்தப்பட்டார்கள். அங்கு விசாரியுங்கள். தமிழில் கதைக்க வேண்டுமானால் முன்கூட்டியே மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். 1737 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். போரின் பாதிப்புகள் உள்ளவர்களுக்கு, 1995 முதல் ஒக்லாந்தில் இயங்கும் ரெஃபியூஜீஸ் அஸ் சர்வைவர்ஸ் நிறுவனத்தைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். வேலை உரிமை, கடன் பற்றிய இலவச ஆலோசனைக்குச் சிற்றிசன்ஸ் அட்வைஸ் பீரோ, கொமியூனிற்றி லோ நிலையங்கள் உள்ளன. உயிராபத்து என்றால் 111.

வேலையை விடுவது தோல்வியல்ல, அதில் நிற்பது மட்டும் வீரமும் அல்ல. எந்த முடிவானாலும் நித்திரை திரும்பிய பின், பசி திரும்பிய பின், வீட்டாரோடு கதைத்து எடுங்கள். அடுத்த முறை வைத்தியரிடம் பிரஷர் பார்க்கப் போகும்போது, வேலை பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.