உங்கள் பார்சல் எங்கே? ட்ராக்கிங் தகவலைப் படிப்பது எப்படி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றவுடன் பலர் முதலில் செய்வது, ஏதேனும் ஒரு பொருளை ஆர்டர் செய்து பார்ப்பதுதான். பணம் கட்டிய சிறிது நேரத்தில் ஒரு ட்ராக்கிங் எண் வரும். அதன் பின் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை அந்த எண்ணைத் தளத்தில் டைப் செய்து பார்ப்பது வழக்கமாகிவிடும். பார்ப்பது எளிது. பார்த்ததைச் சரியாகப் புரிந்து கொள்வதில்தான் சிக்கல் உள்ளது. புரியாமல் பார்த்ததால், வீட்டுக்கு மிக அருகில் வந்துவிட்ட ஒரு பார்சலை நானே திசை திருப்பிவிட்டேன்.

எங்கள் வீடு பாகூர் கொம்யூனில் ஒரு சிறிய கிராமத்தில் உள்ளது. அப்பாவின் காது கேட்கும் கருவி பழுதாகி, சென்னையில் சர்வீஸ் செய்ய அனுப்பியிருந்தோம். சரி செய்து தனியார் கூரியர் ஒன்றில் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் நாள் கம்ப்யூட்டரில் பார்த்தால் "கடலூர் வந்து சேர்ந்தது" என்று இருந்தது. புதுச்சேரிக்கு வர வேண்டிய பார்சல் தமிழ்நாட்டில் உள்ள கடலூருக்கு ஏன் போக வேண்டும்? பதறிப் போய் அவர்களின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் செய்தேன். அது 1860 என்று தொடங்கும் எண். இசை ஒலித்தது. காத்திருக்கச் சொன்னார்கள். பிரீபெய்ட் பேலன்ஸ் தீர்ந்து இணைப்பு அறுந்தது. 50 ரூபாய்க்கு டாப் அப் செய்து மீண்டும் முயன்றேன். ஒரு வழியாகப் பேசக் கிடைத்தவரிடம், "பார்சல் தவறான ஊருக்குப் போய்விட்டது, உடனே புதுச்சேரிக்கு மாற்றுங்கள்" என்றேன். மாற்றினார்கள்.

புதுச்சேரி கிளையில், எங்கள் கிராமம் தங்கள் எல்லையில் இல்லை என்று மீண்டும் கடலூருக்கே அனுப்பினார்கள். அங்கிருந்து டெலிவரி செய்பவர் பார்சலில் இருந்த மொபைல் எண்ணை அழைத்தார். அது அப்பாவின் எண். கருவி இல்லாமல் அவருக்கு மணியோசை கேட்காது. "வாடிக்கையாளர் தொடர்பில் இல்லை" என்று பதிவாகி, பார்சல் சென்னைக்கே திரும்பிப் போனது. ஏறக்குறைய மூன்று வாரம் அப்பா யாரோடும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கூரியர் மீது கோபம் இருந்தாலும், தவறில் என் பங்கும் இருந்தது. அந்த அனுபவத்தில் கற்றவற்றை இங்கு பார்க்கலாம்.

ட்ராக்கிங் எப்படி இயங்குகிறது?

ட்ராக்கிங் என்றவுடன் பார்சலில் ஏதோ ஒரு கருவி இருந்து, அது எங்கே போகிறது என்று தொடர்ந்து சொல்வதாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. பார்சலில் இருப்பது ஒரு பார்கோடு மட்டுமே. ஒவ்வோர் இடத்திலும் ஊழியர் ஒருவர் ஸ்கேனரால் அதனைப் படிக்கும்போது, இடமும் நேரமும் சர்வரில் பதிவாகின்றன. நீங்கள் பார்ப்பது கடைசியாகப் படிக்கப்பட்ட இடத்தை மட்டுமே. இரண்டு ஸ்கேன்களுக்கு இடையே பார்சல் லாரியில் இருக்கலாம்; குடோனில் இருக்கலாம். கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே ஊருக்குச் செல்லும் பார்சல்களை ஒரு பையில் போட்டுக் கட்டிவிடுவார்கள். அதன் பின் வழியில் பையின் பார்கோடுதான் படிக்கப்படும். பையைப் பிரித்த பிறகே உங்கள் பார்சல் தனியாகப் படிக்கப்படும். எனவே ஒன்றிரண்டு நாட்கள் திரையில் மாற்றமே இல்லை என்றால், பார்சல் தொலைந்துவிட்டது என்று பொருள் இல்லை.

எண்ணில் என்ன இருக்கிறது?

தனியார் கூரியர் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி எண் அமைப்பை வைத்திருக்கின்றன. இந்தியத் தபால் துறையின் ஸ்பீட் போஸ்ட் எண், உலகத் தபால் ஒன்றியம் வகுத்த முறையில் 13 இடங்கள் கொண்டது. முதலில் இரண்டு ஆங்கில எழுத்துகள், அடுத்து ஒன்பது இலக்கங்கள், இறுதியில் இந்தியாவைக் குறிக்கும் "ஐ", "என்" என்ற இரண்டு எழுத்துகள். முதல் எழுத்து "ஈ" எனில் ஸ்பீட் போஸ்ட். (உள்நாட்டுப் பதிவுத் தபால் 2025 இல் ஸ்பீட் போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது.)

ஒன்பதாவது இலக்கம் சரிபார்க்கும் இலக்கம். முதல் எட்டு இலக்கங்களை வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டுத் தொகையை 11 ஆல் வகுத்து, மீதியை 11 லிருந்து கழித்தால் அந்த இலக்கம் கிடைக்கும். விடை 10 எனில் 0 என்றும், 11 எனில் 5 என்றும் எடுத்துக் கொள்வார்கள். எடுத்துக்காட்டாக 12345678 என்ற எண்ணுக்குக் கூட்டுத் தொகை 204. இதனை 11 ஆல் வகுத்தால் மீதி 6. எனவே ஒன்பதாவது இலக்கம் 5. ரசீதில் 3 என்பதை 8 என்று தவறாகப் படித்து டைப் செய்தால் இந்தக் கணக்கு ஒத்து வராது. "எண் தவறானது" என்று செய்தி வந்தால், பார்சல் போய்விட்டது என்று கலங்காமல் முதலில் எண்ணை மீண்டும் ஒரு முறை சரி பாருங்கள்.

பின்கோடுதான் வழிகாட்டி

நான் தவறு செய்தது இங்குதான். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆறு இலக்கங்களில் முதல் மூன்றும், கடிதங்கள் பிரிக்கப்படும் மாவட்டத்தைக் குறிக்கும். கடைசி மூன்றும், பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் குறிக்கும். இந்த மாவட்டம் வேறு, அரசு நிர்வாக மாவட்டம் வேறு. மாநில எல்லையைப் பின்கோடு பார்ப்பதில்லை.

புதுச்சேரி நகரின் பின்கோடு 605001. வில்லியனூர் 605110. தமிழ்நாட்டில் உள்ள விழுப்புரமும் 605602 தான். ஆனால் பாகூரின் பின்கோடு 607402. கடலூர் 607001, பண்ருட்டி 607106. அதாவது ஆட்சிக்குப் பாகூர் புதுச்சேரி. பின்கோடுக்குக் கடலூர் பக்கம். கடலூருக்கு வந்த என் பார்சல் சரியான வழியில்தான் வந்திருந்தது!

புதுச்சேரியின் மற்றப் பகுதிகளுக்கும் இதே கதைதான். காரைக்கால் 609602, அதன் முதல் மூன்று இலக்கங்கள் மயிலாடுதுறையுடன் (609001) ஒத்துப் போகும். மாஹேயின் 673310, கேரளத்தின் கோழிக்கோட்டுடன் சேரும். ஏனாமின் 533464 ஆந்திரத்தின் காக்கிநாடா பக்கம் போய்விடும்.

சில ஷாப்பிங் தளங்கள், பின்கோடு தந்தவுடன் மாநிலத்தையும் மாவட்டத்தையும் தாமாகவே நிரப்பிவிடும். அங்கு தவறான மாநிலம் தெரிந்தால் அதைத் திருத்தப் பாருங்கள். திருத்த வழி இல்லாவிட்டாலும், மாநிலப் பெயர் சரியாக வர வேண்டும் என்பதற்காகப் பின்கோடை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

திரையில் வரும் செய்திகள்

1. "ஷிப்மென்ட் தகவல் பெறப்பட்டது": லேபிள் மட்டும் தயாராகியுள்ளது. பார்சல் இன்னும் கடைக்காரரிடமே இருக்கலாம். இப்போது கூரியரிடம் கேட்டுப் பயனில்லை, கடையைக் கேளுங்கள்.

2. "பையில் வைக்கப்பட்டது", "பை அனுப்பப்பட்டது": பயணத்தில் உள்ளது. அடுத்த ஊரில் பை பிரிக்கப்படும் வரை காத்திருக்கவும்.

3. "அவுட் பார் டெலிவரி": டெலிவரி செய்பவர் கையில் உள்ளது. அன்று போனை அருகில் வைத்துக் கொள்ளுங்கள். புதிய எண்ணிலிருந்து வரும் அழைப்பையும் எடுங்கள்.

4. "கதவு பூட்டியுள்ளது", "வாடிக்கையாளர் தொடர்பில் இல்லை": நீங்கள் வீட்டில் இருந்தும் இது வந்தால் அன்றே செயல்படுங்கள். இப்படிச் சில முறை பதிவானால் பார்சல் திரும்பிவிடும்.

5. "ஆர்டிஓ": அனுப்பியவருக்கே திரும்புகிறது என்று பொருள். இனி அனுப்பியவர் மூலமாகத்தான் தீர்வு காண வேண்டும்.

1800 வேறு, 1860 வேறு

வாடிக்கையாளர் சேவை எண்ணை டயல் செய்யும் முன் அதன் முதல் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 1800 எனில் அழைப்புக் கட்டணத்தை நிறுவனமே ஏற்கிறது, உங்களுக்குச் செலவில்லை. 1860 எனில் கட்டணத்தில் ஒரு பங்கு உங்களுடையது. "அன்லிமிடெட்" பேக் போட்டிருந்தாலும் பல பேக்குகளில் 1860 எண்கள் சேராது. மெயின் பேலன்ஸிலிருந்து பணம் போகும். காத்திருக்கும் நேரத்திற்கும் சேர்த்துத்தான். ஒரு நிறுவனம் 1860 எண் மட்டும் தந்திருந்தால், அதன் தளத்தில் சாட் வசதி, இமெயில் முகவரி ஆகியவை உள்ளனவா என்று முதலில் தேடுங்கள். தபால் துறையின் 1800 266 6868 கட்டணமில்லா எண்.

போனில் பேசுவதைவிட எழுதுவது மேல்

போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு இதில் நல்ல வசதி உண்டு. ட்ராக்கிங் பக்கம் திரையில் இருக்கும்போது விண்டோஸ் கீயையும் பிரிண்ட் ஸ்கிரீன் கீயையும் சேர்த்து அழுத்துங்கள். பிக்சர்ஸ் போல்டரில், ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற துணை போல்டரில் அந்தத் திரை படமாகச் சேமிக்கப்படும். எக்ஸெல்லிலோ நோட்பேடிலோ தேதி, நேரம், பேசியவர் பெயர், புகார் எண் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள்.

யாருக்கு எழுதுவது? கூரியரைப் பொறுத்தவரை அதற்குப் பணம் தந்த வாடிக்கையாளர், பார்சலை அனுப்பியவர். எனவே பொருளை விற்றவருக்கு அல்லது அனுப்பியவருக்கு எழுதுவதே விரைவான வழி. 2020 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகளின்படி, ஒவ்வோர் இணையக் கடையும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரங்களையும் தளத்தில் தர வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்திற்குள் அவர் ஒப்புக் கொள்ள வேண்டும். ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும். தளத்தின் அடிப்பகுதியில் சிறிய எழுத்தில் இந்த விவரம் இருக்கும்.

அதிலும் பயன் இல்லை எனில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். அதற்கும் மேல், மாவட்ட நுகர்வோர் ஆணையம் உள்ளது. 2019 ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். பொருளுக்குத் தந்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை எனில் கட்டணம் கிடையாது. 2025 ஜனவரி 1 முதல் செயல்படும் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே புகாரைப் பதிவு செய்யலாம்.

முகவரியை முழுமையாகத் தருக

மாரியம்மன் கோயில் தெரு இல்லாத கிராமம் ஏது? எனவே தெருப் பெயருடன் கிராமம், கொம்யூன், அருகில் உள்ள ஏரிக்கரை, பள்ளி, ரேஷன் கடை என ஓர் அடையாளத்தையும் சேர்த்துத் தாருங்கள். போனை உடனே எடுக்கக் கூடியவரின் மொபைல் எண்ணைத் தர வேண்டும். முடிந்தால் இரண்டு எண்கள். தபால் துறை 2025 மே மாதம் டிஜிபின் என்ற முறையை அறிமுகம் செய்தது. நாட்டின் பரப்பை ஏறத்தாழ நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து இடக் குறியீடு தந்துள்ளார்கள். கதவு எண் இல்லாத வீட்டுக்கு இது நல்ல கூடுதல் அடையாளம். ஆனால் இது பின்கோடுக்கு மாற்று அல்ல. இரண்டையும் எழுதுங்கள்.

எச்சரிக்கை

வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடல் தளத்தில் தேடி எடுக்காதீர்கள். மோசடி செய்வோர் அங்கு போலி எண்களைப் பரப்பி வைத்திருப்பார்கள். நிறுவனத்தின் சொந்தத் தளம், ரசீது, இவற்றில் உள்ள எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். "முகவரி முழுமையாக இல்லை, இந்த லிங்க்கில் திருத்தவும்" என்று தபால் துறை பெயரில் வரும் எஸ்எம்எஸ் போலியானது. இன்னும் சிலர், உங்கள் பார்சலில் போதைப் பொருள் உள்ளது, "டிஜிட்டல் கைது" செய்கிறோம் என்று மிரட்டுவார்கள். அப்படி ஒரு கைது சட்டத்தில் இல்லை. ஓடிபி கேட்டால், அது டெலிவரிக்கானதா, வங்கிக்கானதா என்று எஸ்எம்எஸ்ஸை முழுவதும் படியுங்கள். டெலிவரி ஓடிபியையும் பார்சல் கைக்கு வந்த பின்னரே சொல்ல வேண்டும். பணம் பறிபோனால் உடனே 1930 ஐ அழையுங்கள்.

என் பார்சல் என்ன ஆயிற்று? சேமித்து வைத்த திரைப் படங்களையும் தேதிகளையும் சர்வீஸ் சென்டருக்கு ஒரே இமெயிலில் அனுப்பினேன். சென்னைக்குத் திரும்பியிருந்த கருவியை, என் மொபைல் எண்ணை எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினார்கள். இந்த முறையும் திரையில் கடலூர் வந்தது. நான் யாருக்கும் போன் செய்யவில்லை. அடுத்த நாள் தபால்காரர் வாசலில் வந்து நின்றார். இப்போது போன் அடித்தால் அப்பாவே எடுத்துப் பேசுகிறார்.