கூரையும் கைத்தாங்கலும்: கெடா தோட்டங்கள் தரும் பாடம்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்று தொடக்கப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். உறையுள் என்றதும் நான்கு சுவரும் ஒரு கூரையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், தனித்து வாழும் முதியவருக்கும், மனநோயிலிருந்து மீண்டு வருபவருக்கும், உடற்குறை உடையவருக்கும் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. மருந்து வேளையை நினைவூட்டவும், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், அரசாங்கப் பாரங்களை நிரப்பித் தரவும், நாளுக்கு ஒரு முறையாவது "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கவும் ஓர் ஆள் வேண்டும். வீட்டையும் இத்தகைய உதவியையும் சேர்த்து வழங்கும் ஏற்பாட்டையே ஆதரவுக் குடியிருப்பு என்கிறோம்.

லயம் தந்ததும் பறித்ததும்

சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரங்களில் வேரூன்றிய குடும்பங்களுக்கு இந்த ஏற்பாடு முற்றிலும் புதியதன்று. ரப்பர்த் தோட்டங்களில் லயத்து வீட்டோடு ஆயாக்கொட்டகை இருந்தது. டிரஸர் மருந்து கொடுத்தார். தமிழ்ப்பள்ளியும் கோயிலும் நடந்து போகும் தூரத்தில் இருந்தன. காய்ச்சலில் படுத்தவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்கப் பக்கத்து வீட்டு அக்காள் இருந்தார். வசதி குறைவு, சம்பளம் அதைவிடக் குறைவு. ஆயினும் வீடும் ஆதரவும் ஒரே இடத்தில் கிடைத்தன.

எனினும் அந்த ஏற்பாட்டில் ஓர் அடிப்படைக் கோளாறு இருந்தது. வேலை கொடுத்தது, வீடு கொடுத்தது, மருந்து கொடுத்தது எல்லாம் ஒரே நிர்வாகம். கூரை ஒழுகுகிறது என்று முறையிடப் போகிறவர், தம் வேலையையும் எண்ணிப் பார்த்த பிறகே வாய் திறக்க வேண்டியிருந்தது. ஓய்வு பெறும் வயது வந்ததும் வேலையோடு வீடும் போயிற்று. டிரஸரும் பக்கத்து வீட்டு அக்காளும் போயினர். வாழ்நாள் முழுவதும் பால் வெட்டிய ஒருவர், எல்லா ஆதரவையும் ஒரே நாளில் இழந்தார்.

1950களிலும் 1960களிலும் நடந்த தோட்டத் துண்டாடல் இந்தக் கோளாற்றை வெளிச்சமிட்டுக் காட்டியது. அதை எதிர்கொள்ளத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டிய பணத்தில் அச்சங்கம் முதன்முதலாக வாங்கியது கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டமாகும். ஆனால் எல்லாத் தோட்டங்களையும் அவ்வாறு காப்பாற்ற இயலவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தனர். பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. பிள்ளைகள் கூலிம், பிறை, கோலாலம்பூர் என்று வேலை தேடிச் சென்றனர். பட்டணத்து மலிவு விலை வீடுகளில் முதியவர்கள் தனித்து நின்றனர்.

சட்டம் என்ன சொல்கிறது?

தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் சட்டம் 1990இல் இயற்றப்பட்டது. 2019இல் திருத்தம் கண்டது. அது வேலையில் இருப்பவரைக் காக்கும். ஓய்வு பெற்றவரைக் காக்காது. 2013ஆம் ஆண்டு ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆனது. இதனால் வீட்டைக் காலி செய்யும் நாள் சற்றுத் தள்ளிப் போனதே தவிர, சிக்கல் தீரவில்லை.

முதியோருக்காக அரசாங்கம் நடத்தும் 'ருமா ஸ்ரீ கெனாங்கான்' இல்லங்களுள் ஒன்று பீடோங்கில் உள்ளது. அங்கே சேர 60 வயது நிறைந்திருக்க வேண்டும். வாரிசும் நிலையான இருப்பிடமும் இருக்கக் கூடாது. தொற்று நோய் இருக்கக் கூடாது. தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் நிலையில் இருக்க வேண்டும். பெயருக்குப் பிள்ளைகள் இருந்தும் பராமரிப்பார் இல்லாதவர்கள் இந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றனர். அவர்கள் நாடிச் செல்வது அரசு சாரா இல்லங்களைத்தான். நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோரைத் தங்க வைத்துப் பராமரிக்கும் எந்த இல்லமும் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் சமூகநலத் துறையில் பதிவு பெற வேண்டும்.

நடைமுறையில் எழும் சவால்கள்

முதலாவது, பதிவும் கட்டடமும். குடியிருப்பு வீட்டை இல்லமாக மாற்றத் தீயணைப்புத் துறை, ஊராட்சி மன்றம், சுகாதாரத் துறை ஆகியவற்றின் ஒப்புதல் வேண்டும். படிக்கட்டும் குறுகிய கழிவறையும் கொண்ட பழைய வாடகை வீடுகளில் இதை நிறைவேற்றுவது எளிதன்று.

இரண்டாவது, பணம். தீபாவளிக்கு முன் அரிசி மூட்டைகள் வந்து குவியும். பங்குனியில் மின்கட்டணம் கட்டக் காசிருக்காது. நன்கொடையாளர் பொருள் தருவாரேயன்றிப் பணியாளரின் மாதச் சம்பளத்தை ஏற்க முன்வருவது அரிது. ஆனால் இல்லத்தை நடத்துவது பணியாளரே.

மூன்றாவது, பத்திரங்கள். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களும், சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை அடைந்தவர்களும் நம்மிடையே உள்ளனர். குடியுரிமை இல்லாதவருக்கு முதியோர் உதவித் தொகை எட்டாக் கனி. அத்தொகை 2021இல் 500 ரிங்கிட்டாகவும் 2025இல் 600 ரிங்கிட்டாகவும் உயர்ந்தது.

நான்காவது, மனம். முதியோர் இல்லம் என்றாலே கைவிடப்பட்டோர் கூடாரம் என்னும் எண்ணம் நம் சமூகத்தில் ஆழப் பதிந்துள்ளது. மனநோயாளி குடிவருகிறார் என்றால் அண்டை வீட்டார் அஞ்சுகின்றனர்.

நல்ல நடைமுறைகள்

1. வீட்டையும் உதவியையும் ஒன்றோடொன்று கட்டிப் போடக் கூடாது. லயம் கற்பித்த தலையாய பாடம் இதுவே. மருந்து சாப்பிட மறுத்தார், கூட்டத்துக்கு வரவில்லை என்பதற்காக ஒருவரை வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது. நியூயார்க்கில் 1992இல் சாம் செம்பெரிஸ் தொடங்கிய 'வீடே முதலில்' என்னும் முறை இந்தக் கொள்கையின்மீது எழுந்தது. கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில், ஈராயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு இம்முறையைச் சோதித்தனர். வழக்கமான சேவைகளைப் பெற்றவர்களைவிட இவர்கள் வீட்டில் நிலைத்திருந்தது தெரிய வந்தது.

2. சிறிதாக இருக்கட்டும். சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் தொடங்கிய 'பேன்யன்' அமைப்பு, 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தை நடத்தி வருகிறது. நெடுங்காலம் மனநோய்க் காப்பகத்தில் இருந்தவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, ஊருக்குள் சாதாரண வீட்டில் வாழ்கின்றனர். துணைக்கு ஒரு பணியாளர் உண்டு. சமையல், கடைத்தெரு, கோயில் என்று அவர்கள் வாழ்க்கை மற்றவர்களுடையதைப் போலவே நடக்கிறது.

3. இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊருக்கு வெளியே பெரிய நிலம் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் கிளினிக்கும் பேருந்து நிறுத்தமும் மளிகைக் கடையும் கோயிலும் அருகில் இல்லையென்றால், அங்கே குடியிருப்பவர் சிறைப்பட்டவரே.

4. கணக்கு திறந்திருக்க வேண்டும். குடியிருப்பவரின் உதவித் தொகை, சேமநிதிப் பணம், அடையாள அட்டை ஆகியவை அவருடையவை. இல்லம் அவற்றைப் பாதுகாத்து வைத்தால், எழுத்து மூலம் பதிவும் அவருடைய ஒப்புதலும் வேண்டும். மருந்து கொடுத்த நேரத்தையும் குறித்து வைக்க வேண்டும்.

5. முறையிட ஒரு வழி வேண்டும். நிர்வாகியைப் பற்றிய குறையை நிர்வாகியிடமே சொல்ல வேண்டிய நிலை தோட்டத்தோடு முடியட்டும். நிர்வாகத்தைச் சாராத ஒருவர் மாதந்தோறும் வந்து குடியிருப்பவர்களோடு தனியே பேச வேண்டும்.

6. பழகிய வாழ்க்கையைப் பறிக்கக் கூடாது. விடிவதற்கு முன் எழுந்தே பழகியவர் தேநீருக்காக ஏழு மணி வரை காத்திருக்க வேண்டுமா? வாசலில் நான்கு கத்தரிச் செடி வைக்கக் கூடாதா? மொழியும் உணவும் வழிபாடும் மருந்தைப் போலவே முக்கியம். தம் இறுதிச் சடங்கை யார், எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் அவரிடமே முன்கூட்டிக் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

நம் பங்கு

2030ஆம் ஆண்டில் மலேசிய மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்திருப்பர் என்று கணிக்கப்பட்டுள்ளது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த கடைசித் தலைமுறையினரும் அவர்களுள் இருப்பர். நம்மைப் பல்கலைக்கழக வாசலுக்கு அனுப்பியவர்கள் அவர்களே.

பழங்கள் வாங்கிக்கொண்டு இல்லத்துக்குச் சென்று, படமெடுத்துக்கொண்டு திரும்புவது தவறன்று. ஆனால் அது போதாது. சட்டம் படிப்பவர் ஒரு பாட்டியின் குடியுரிமை விண்ணப்பத்தை இறுதிவரை தொடரலாம். கணக்கியல் படிப்பவர் ஓர் இல்லத்தின் வரவு செலவை ஒழுங்குபடுத்தித் தரலாம். மருந்தியல் மாணவர் மருந்துப் பதிவேட்டை அமைத்துக் கொடுக்கலாம். மொழி மாணவர் ஒரு தாத்தாவின் தோட்ட நினைவுகளைக் கேட்டு எழுதலாம். முன்னாள் மாணவர்கள் பத்துப் பேர் சேர்ந்தால், ஒரு பணியாளரின் சம்பளத்தை ஆண்டு முழுவதும் பகிர்ந்து ஏற்கலாம்.

அன்று பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கியவர்களின் வழிவந்தவர்கள் நாம். அவர்களுடைய முதுமைக்கு ஒரு கூரையும் ஒரு கைத்தாங்கலும் அமைத்துத் தருவது நம்மால் ஆகாத காரியமன்று.